நேவி புளூ சுவர்: வன்னி வீடுகளுக்கான கேள்வி-பதில்

வீட்டின் உட்சுவரைக் கருநீலமாக, கடைப் பேச்சில் சொன்னால் நேவி புளூவாக, அடிக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப் பக்கத்து வீடுகளின் சுவர், கிணற்றுத் தண்ணீர், கிறவல் புழுதி, மாரி மழை ஆகியவற்றை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கடும் நிறம் சுவரின் குறைகளை மூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வெள்ளைச் சுவரில் கண்ணில் படாத உப்பு, மேடு பள்ளம், ஒட்டு, தூசி எல்லாம் நேவி புளூவில் பளிச்சென்று தெரியும். ஆகவே வேலையின் பெரும்பகுதி பெயின்ற் வாளியைத் திறக்கும் முன்பே முடிந்திருக்கவேண்டும்.

நேவி புளூ என்றால் எந்த நீலம்? கடையில் எப்படிக் கேட்பது?

ஒரே பெயரில் பல நிறங்கள் உண்டு. சிலவற்றில் பச்சைச் சாயல் இருக்கும், சிலவற்றில் ஊதா, சிலவற்றில் சாம்பல். இணையப் படங்களில் அடிக்கடி வரும் ஹேக் புளூ இங்கிலாந்தின் ஃபரோ அன்ட் போல் நிறுவனத்தின் 30ஆம் இலக்க நிறம், பச்சை சாய்ந்தது. ஹேல் நேவி அமெரிக்காவின் பெஞ்சமின் மூர் நிறுவனத்தின் நிறம், சாம்பல் சாய்ந்தது. ரால் என்ற ஐரோப்பிய நிற அட்டையில் 5003, 5011, 5013 மூன்றும் கருநீலமே, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றும் வேறு வேறு.

போன் படத்தைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு போனும் நீலத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். கடையில் உள்ள நிற அட்டையை வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்து, இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள். சில அட்டைகளின் பின்பக்கத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. நேவி புளூ பெரும்பாலும் 10க்குக் கீழேதான் நிற்கும். சிறிய யன்னல் உள்ள அறைக்கு 7க்கு மேலே உள்ளதை எடுங்கள். 3, 4 என்று இருப்பது பின்னேரம் ஆனதும் கறுப்பாகவே தெரியும்.

கடைக்காரர் 'டீப் பேஸ்' வாங்கச் சொல்கிறார். வெள்ளைப் பெயின்றில் நீலம் கலந்தால் போதாதா?

போதாது. உட்சுவருக்கு அடிக்கும் நீரில் கரையும் பெயின்றான வெள்ளை இமல்ஷனில் ரைற்றேனியம் டயொக்சைட் என்ற வெள்ளைத்தூள் நிறைய இருக்கிறது. அதில் எவ்வளவு நீலத்தை ஊற்றினாலும் ஆகாய நீலமோ, பள்ளிக்கூட நீலமோதான் வரும், கருநீலம் வராது. பிடிவாதமாக மேலும் மேலும் சாயம் சேர்த்தால் பெயின்ற் சரியாகக் காயாது, கையில் ஒட்டும், ஈரத் துணி பட்டால் நீலம் கழன்று வரும். நேவி புளூவுக்கு வெள்ளைத்தூள் மிகக் குறைந்த டீப் பேஸ் அல்லது கிளியர் பேஸ் வேண்டும். அதில் நீலமும் கறுப்பும் மெசினில் அளந்து விடப்படும்.

இதில் ஒரு குறை உண்டு. வெள்ளைத்தூள் குறைந்த பெயின்ற் கீழே உள்ளதை மூடும் சக்தியும் குறைந்தது. முதல் கோட் அடித்ததும் சுவர் திட்டுத்திட்டாக, பார்க்கவே பயமாக இருக்கும். பெயின்ற் கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது கோட்டில்தான் இந்த நிறம் நிறைவாக நிற்கும். சீலர் என்பது பெயின்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. அதை வெள்ளையில் அடிக்காமல் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் அடித்தால் பலவேளைகளில் இரண்டு கோட்டிலேயே முடிக்கலாம். சீலரில் நிறம் கலக்க மாட்டோம் என்று கடையில் சொன்னால், அதே நிறுவனத்தின் நீரில் கரையும் சீலர் 1 லீற்றருக்கு உங்கள் நேவி புளூவிலேயே 100 மில்லிலீற்றர் கலந்து அடிக்கலாம்.

எத்தனை லீற்றர் வேண்டும்?

நன்றாகத் தேய்த்து மட்டமாக்கிய சுவரில் 1 லீற்றர், ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி போகும். சொரசொரப்பான பூச்சென்றால் 80 சதுர அடிதான். ஓர் உதாரணம்: 14 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஹோல் சுவர் 140 சதுர அடி. அதில் 3 அடிக்கு 7 அடிக் கதவு ஒன்றைக் கழித்தால் 119. மூன்று கோட்டுக்கு 357 சதுர அடி. ஆகவே 3.6 லீற்றர் வேண்டும். 4 லீற்றர் வாளி ஒன்று சரியாக வரும். சொரசொரப்பான சுவருக்கு 4 லீற்றருடன் இன்னும் 1 லீற்றர் சேர்த்து வாங்குங்கள்.

முழுவதையும் ஒரே நாளில், ஒரே கடையில் கலந்து எடுங்கள். பாதிச் சுவரில் பெயின்ற் முடிந்து, துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ திரும்பவும் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவது பெரிய அலைச்சல். அத்துடன் இரண்டாம் முறை கலந்தது ஒரு சொட்டு வித்தியாசப்பட்டாலும் சுவரின் நடுவில் கோடு விழும். இரண்டு வாளி வாங்கினால் இரண்டையும் பெரிய வாளி ஒன்றில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள். வாளி மூடியில் ஒட்டிய கலவைச் சீட்டைக் கிழித்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். பிற்காலத்தில் அதுதான் உதவும்.

புதிதாகப் பூசிய சுவர். எப்போது அடிக்கலாம்?

பூசி 28 நாளாவது போகவேண்டும். கார்த்திகை, மார்கழியில் பூசியிருந்தால் இரண்டு மாதம் விடுங்கள். நாள் கணக்கை மட்டும் நம்பாமல் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ரேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். கழற்றும்போது உட்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. புதுச் சீமெந்தில் காரமும் இருக்கும். அது நீலத்தை இடையிடையே வெளிறச் செய்யும். அதனால் காரம் தாங்கும் சீலர் இல்லாமல் நேரடியாக அடிக்கக் கூடாது.

பழைய சுவர், முன்பு சுண்ணாம்பு அடித்தது. மேலே அடிக்கலாமா?

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தடவுங்கள். வெள்ளைத்தூள் கையில் ஒட்டினால் அடிக்கக் கூடாது. இமல்ஷன் சுண்ணாம்பைப் பிடிக்கும், சுண்ணாம்பு சுவரைப் பிடிக்காது; சில மாதத்தில் தோல் உரிந்ததுபோல் கழன்று விழும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு ஸ்கிறேப்பரால் சுரண்டி, கம்பிப் பிறஷ் போட்டு, கழுவி, நன்றாகக் காயவிட்டுச் சீலர் அடிக்கவேண்டும்.

போர்க்காலத்தில் சன்னம் பட்ட துளைகளைப் பிறகு சீமெந்தால் அடைத்த சுவர்கள் வன்னியில் ஏராளம். வெடிப்பு அடைத்த சுவர்களும் அப்படித்தான். அடைத்த இடம் பெயின்றை உறிஞ்சும் அளவு வேறு, பழைய பூச்சு உறிஞ்சும் அளவு வேறு. அந்த இடங்களில் மட்டும் சீலரைத் தொட்டுவிட்டு நேவி புளூ அடித்தால் ஒவ்வொரு அடைப்பும் மங்கிய வட்டமாகத் தெரியும். அடைத்த இடத்தைத் தேய்த்து மட்டமாக்கி, சுவரை மட்டமாக்கும் பசையான வோல் பில்லரைச் சுற்றிலும் ஓரடி தூரத்துக்கு மெல்லியதாக இழுத்து, பிறகு முழுச் சுவருக்கும் ஒரு கோட் சீலர் அடியுங்கள்.

சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கழுவிவிட்டு அடித்தால் சரியா?

இந்தக் கேள்விக்குத்தான் மிகக் கவனமாகப் பதில் சொல்லவேண்டும். நேவி புளூ சுவர்கள் கெடுவதற்கு ஈரமும் உப்பும்தான் முதற் காரணம்.

அத்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. என்ற ஈரத்தடுப்புப் படை சரியாகப் போடாத வீட்டில் நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும். பெரும்பாலும் 3 அடி உயரம் வரை வரும். ஏறும் தண்ணீர் நிலத்தில் உள்ள உப்பையும் கல், சீமெந்தில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். கடல் மணலைக் கழுவாமல் பூசிய கரையோர வீடுகளில் உப்பு பூச்சுக்குள்ளேயே இருக்கும். தண்ணீர் காற்றில் காய, உப்பு மட்டும் பளிங்காகப் பெயின்றுக்கு அடியில் தங்கிவிடும். அது பெயின்றை வெளியே தள்ளும். வெள்ளைச் சுவரில் இது வருடக்கணக்காகத் தெரியாமல் இருக்கலாம். நேவி புளூவில் முதல் மாரி முடிந்து தையில் வெயில் ஏறியதும் வெள்ளைத் திட்டுகளாக வெளியே வரும்.

கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்தான் போகும். காய்ந்த பிறஷால் தட்டி, விழும் தூளைக் கூட்டி வெளியே எறியுங்கள். அடுத்தது தண்ணீர் வரும் வழி. கூரைத் தண்ணீர் வெளிச்சுவரின் அடியில் விழுந்து தெறிக்கிறதா? பீலி போடுங்கள், அல்லது சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவான சீமெந்துக் கரை கட்டுங்கள். வெளி நிலம் வீட்டுத் தரையை விட உயர்ந்திருக்கிறதா? மண்ணை வெட்டி இறக்குங்கள். சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் ஓடுகிறதா? கசிவைப் பாருங்கள். அதற்குப் பிறகு உப்புக் கோட்டுக்கு மேல் இன்னும் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, காயவிட்டு, கழுவிய ஆற்று மணலும் ஈரம் தடுக்கும் கலவையும் சேர்த்துப் பூசவேண்டும்.

அடியில் 3 அடிக்கு ரைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். வெளியேற வழியில்லாத ஈரம் ரைல்ஸுக்கு மேலே ஏறி, அங்கே உப்பைக் கக்கும். இந்த வேலைகளுக்கு இப்போது கையில் காசில்லை என்றால் அந்தச் சுவரை வெள்ளையாகவே விட்டு, ஈரமில்லாத உட்சுவர் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மாசி முதல் சித்திரை வரை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. சுவரும் காற்றும் ஈரம். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும், ஆனால் காற்றோடு வரும் புழுதி ஈரப் பெயின்றில் ஒட்டும். அந்தக் காலத்தில் அடித்தே ஆகவேண்டும் என்றால் விடியற்காலை தொடங்கி, காற்று எழும் முன் ஒரு கோட்டை முடித்துவிடுங்கள். முற்றத்துக்கும் விறாந்தைக்கும் முதலில் தண்ணீர் தெளித்துவிடுவதும் உதவும்.

வேலையின் ஒழுங்கு என்ன?

பொருள்கள்: வோல் பில்லர், 120, 220 இலக்கச் சாண்ட் பேப்பர், சீலர், பெயின்ற், 9 அங்குல றோலர், அதற்கு அரை அங்குலத்துக்கு மேற்படாத மயிருள்ள உறை, 2 அங்குலப் பிறஷ், மாஸ்கிங் ரேப், தரையில் விரிக்கப் பழைய சாரம் அல்லது பொலித்தீன்.

மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுச் சுவிச் மூடிகளைக் கழற்றுங்கள். பில்லரை இரண்டு முறை மெல்லியதாக இழுத்து, ஒவ்வொன்றையும் காயவிட்டு, 120ஆலும் பின்பு 220ஆலும் தேய்க்கவேண்டும். இருட்டியதும் போன் ரோர்ச்சைச் சுவரோடு ஒட்டப் பிடித்துப் பாருங்கள். மட்டப்பலகை ஓடிய வளைவு, விட்டுப்போன சிறு குழி, சாண்ட் பேப்பர் கீறல் எல்லாம் நிழலாக எழும். பென்சிலால் வட்டம் போட்டுக் காலையில் திருத்துங்கள். இந்த ஒரு இரவுச் சோதனையைத் தவறவிடவே கூடாது. தூசியை ஈரத் துணியால் துடைத்து, சீலர் அடித்து, ஓர் இரவு விடுங்கள்.

சீலிங்கையும் மற்ற வெள்ளைச் சுவர்களையும் முதலில் முடியுங்கள். நேவி புளூ கடைசி. ஒரு சொட்டு நீலம் வெள்ளையில் விழுந்தால் மூடுவது பெரும் பாடு. மூலையில் நேர்கோடு வேண்டுமானால் ரேப்பை ஒட்டி, அதன் ஓரத்தில் முதலில் பக்கத்துச் சுவரின் வெள்ளையை ஒரு முறை இழுங்கள். அது ரேப்பின் அடியில் உள்ள இடைவெளியை அடைக்கும். பிறகு நீலம் அடித்து, கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே ரேப்பைச் சாய்வாக இழுத்து எடுங்கள். முழுதாகக் காய்ந்தபின் இழுத்தால் பெயின்றும் பிய்ந்து வரும்.

முதல் கோட்டுக்கு 1 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் தண்ணீர். அடுத்த கோட்டுகளுக்கு 50 போதும். கூடத் தண்ணீர் விட்டால் நிறம் மூடாது, கீழே வழியும். கோட்டுக்குக் கோட் குறைந்தது 4 மணித்தியாலம். காற்று ஈரமாக இருந்தால் இரட்டிப்பு. ஈரத்தில் நிறம் பால் கலந்ததுபோல் இளநிறமாகத் தெரியும், காயக் கறுக்கும். அரைவாசியில் நிறம் பிழை என்று முடிவெடுக்காதீர்கள்.

றோலர் போன இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஏன்?

காய்ந்துவிட்ட ஓரத்தின் மேல் ஈர றோலர் மீண்டும் ஓடியதால். பின்னேர வெயில் விழும் மேற்குச் சுவர் சூடாக இருக்கும். பெயின்ற் தொட்டவுடன் காயும். அந்தச் சுவரைக் காலையில் அடியுங்கள், சீலிங் ஃபானை நிறுத்திவையுங்கள். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் ஓரத்தைப் பிறஷால் இழுக்க, மற்றவர் உடனே பின்னால் றோலர் போடவேண்டும். ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை நிறுத்தாமல் போங்கள். ஒவ்வொரு துண்டையும் கடைசியில் மேலிருந்து கீழாக, அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்து விடுங்கள். தேநீருக்கு நிற்பதென்றால் மூலைக்கு வந்தபின் நில்லுங்கள்.

மற் பூச்சா, மினுக்கமா?

மினுக்கமே இல்லாத மற் பூச்சில் இந்த நிறம் வெல்வெட்போல் அழகாக இருக்கும், சுவரின் மேடு பள்ளத்தையும் அதுதான் குறைத்துக் காட்டும். ஆனால் மற் நேவி புளூவில் கதிரை முதுகு உரசும் இடம், பிள்ளைகள் கை வைக்கும் இடம் எல்லாம் மினுங்கும் தடமாக மாறும். துடைக்கத் துடைக்க அது கூடும். முழு மினுக்கம் எல்லாக் குறையையும் காட்டும். யாரும் தொடாத சுவருக்கு மற். ஹோலுக்கும் பிள்ளைகளின் அறைக்கும் இலேசான மினுக்கமுள்ள சொஃப்ற் ஷீன்.

எந்தச் சுவரைத் தெரிவுசெய்வது?

யன்னலுக்கு நேரெதிரே உள்ள சுவரை. அதில் வெளிச்சம் நேராக விழுவதால் நீலம் நீலமாகவே தெரியும். யன்னல் உள்ள சுவரை அடித்தால் யன்னல் வெளிச்சத்தில் கண் கூசி, சுவர் கறுப்பாகத் தோன்றும். பக்கச் சுவரில் வெளிச்சம் சாய்ந்து விழுவதால் பூச்சின் வளைவு நெளிவு எல்லாம் எழும். வீட்டுத்திட்ட வீடுகள் போன்ற 550 சதுர அடி வீட்டில் நான்கு சுவரையும் அடிப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஹோலில் ஒன்று, அல்லது படுக்கையறையில் கட்டில் தலைமாட்டுச் சுவர் போதும்.

முடிவெடுக்க முன் 2 அடிச் சதுரப் பலகையில் மூன்று கோட் அடித்து அந்தச் சுவரில் சாய்த்து வையுங்கள். காலை, மதியம், இரவு பல்ப் வெளிச்சம் மூன்றிலும் பாருங்கள்.

வீடு சூடாகுமா?

வெயில் நேரே படாத உட்சுவரால் சூடு கூடாது. வீட்டின் சூடு பெரும்பாலும் கூரைச் சீற்றிலிருந்து இறங்குவது. வெளிச்சுவருக்கு இந்த நிறம் வேண்டாம். சூட்டையும் இழுக்கும், வெளிறவும் செய்யும்.

இரவில் அறை இருண்டு கிடக்கிறது. பல்பை மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் சாயும். கடைகளில் அதிகம் கிடைக்கும் 6500 கெல்வின் டேலைற் பல்ப் நேவி புளூவைக் குளிர்ச்சியாக, கடுமையாகக் காட்டும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலக்கதிர் குறைவு. அதனால் சுவர் கறுத்துப்போகும், ஆனால் மரமும் பித்தளையும் அழகாக இருக்கும். பொது வெளிச்சத்துக்கு 4000 கெல்வின் வைத்து, நீலச் சுவரின் மேல் 3000 கெல்வின் சிறு விளக்கு ஒன்று மாட்டுவது நல்ல சேர்க்கை. முன்பு ஒரு 9 வாட் எல்.ஈ.டி. போதுமாயிருந்த அறைக்கு இரண்டு போடுங்கள்.

கிறவல் வீதிக்குப் பக்கத்து வீடு. புழுதி தெரியாதா?

தெரியும். செந்தூசி நீலத்தில் நன்றாகவே தெரியும். தூசி தங்குவது கிடையான இடங்களில்: யன்னல் படி, தட்டு, சுவரடிப் பட்டி. அவற்றுக்கு நேவி புளூ அடிக்காமல் வெள்ளையோ சாம்பலோ அடியுங்கள். சுவரைக் கிழமைக்கு ஒருமுறை காய்ந்த பருத்தித் துணி கட்டிய தடியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். தும்புத்தடி கீறும்.

ஈரத் துணியால் துடைப்பதென்றால் அடித்து ஒரு மாதம் போகட்டும். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கல்சியம் கூடிய கடினத் தண்ணீர்; கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அதுவே சுவரில் காய்ந்தால் வெள்ளைக் கறையாக நிற்கும். மழைத்தண்ணீரால் துடையுங்கள். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால், துணியை இறுகப் பிழிந்து துடைத்து, ஈரம் காயும் முன் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பல்லி எச்சத்தையும் இப்படித்தான்: காய்ந்ததைச் சுரண்டாமல் ஈரத் துணியை ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டு எடுங்கள்.

நுளம்பு கூடுமா?

கூடாது. ஆனால் நுளம்புகள் இருண்ட இடத்தில் தங்க விரும்பும். திரைச்சீலை மறைவிலும் அலுமாரியின் பின்னாலும் பாருங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வைத்தால் மாரியில் பூஞ்சணமும் பிடிக்காது. கறையான் புற்றுக்கோடு நேவி புளூவில் உடனே தெரிவது இந்த நிறத்தின் ஒரு நன்மை.

எந்த மரம், எந்தத் தரை இதற்குப் பொருந்தும்?

முதிரை மரத்தின் பொன்மஞ்சள் நேவி புளூவுக்கு மிகச் சிறந்த துணை. வீட்டில் பழைய முதிரைக் கதவோ, அலுமாரியோ இருந்தால் அதற்குப் பெயின்ற் அடித்து மூடாதீர்கள். தேய்த்துத் தெளிந்த வார்னிஷ் போடுங்கள். தேக்கும் பொருந்தும். பாலை மரம் கறுத்த சிவப்பு, அதனால் நீலச் சுவரில் அமுங்கிப்போகும். இடையில் வெள்ளைப் பட்டி ஒன்று தேவைப்படும். சிவப்புச் சீமெந்துத் தரை உள்ள வீட்டில் ஒரு சுவருக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் வெள்ளை அடிப்பதென்றால், நீலம் சாய்ந்த வெள்ளையை விடப் பால்வெள்ளை நல்லது. பனையோலைப் பெட்டி, சுளகு, பித்தளைக் குத்துவிளக்கு எதை வைத்தாலும் இந்தச் சுவரின் முன் எடுப்பாக நிற்கும்.

சாமி அறைக்கும் குசினிக்கும்?

இரண்டுக்கும் தவிர்ப்பது நல்லது. கற்பூரக் கரி இந்த நிறத்தில் தெரியாது, ஆனால் விளக்கு எண்ணெய்ப் படிவு மினுங்கும் திட்டாக நிற்கும். தாளித்த எண்ணெயும் அப்படியே. வீட்டுப் பெரியவர்களும் சாமி அறையில் இருண்ட நிறத்தை விரும்ப மாட்டார்கள். அவர்களின் சொல்லுக்கு இடம் கொடுங்கள்.

கீறல் விழுந்த இடத்தை மட்டும் தொட்டு அடிக்கலாமா?

பட்டாணி அளவுக்குச் சின்னதென்றால், மிச்சப் பெயின்றைச் சிறு தூரிகை நுனியால் ஒற்றலாம். அதைவிடப் பெரியதென்றால் தொட்ட இடம் வேறு மினுக்கத்தில் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் ஒரு கோட் அடிக்கவேண்டும். மிச்சப் பெயின்றைப் பெரிய வாளியில் விடாமல், நிறைந்து நிற்கும் அளவான ஜாம் போத்தலில் ஊற்றி இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

சில வருடத்தில் அலுத்துவிட்டால் திரும்ப வெள்ளையாக்க முடியுமா?

முடியும். 220 சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, வெள்ளைச் சீலர் இரண்டு கோட், அதன்மேல் வெள்ளை இமல்ஷன் இரண்டு கோட். சீலரை ஒரு கோட்டோடு நிறுத்தினால் வெள்ளை நான்கு கோட் அடித்தாலும் மூலைகளில் நீலம் நிழலாடும்.